திருமலைப் பங்கும் மேற்கோள் வலையும்

சித்தூரிலிருந்து அக்கா மகள் போன மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். திருப்பதியில் சட்டத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறாள். எடுத்துக்கொண்ட தலைப்பு படித்தவுடனே எனக்குப் பிடித்துப்போனது. திருமலைக் கோயில் பிரசாதத்திலும் காணிக்கையிலும் பரம்பரையாகப் பங்கு வாங்கிவந்தவர்களுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது, 1987ஆம் வருடத்து ஆந்திர அறநிலையச் சட்டம் அதை எப்படி ஒழித்தது என்பதுதான் விஷயம். "மாமா, கைடு சொன்ன மாதிரி ஸ்கோபஸ்ல தேடினேன். ஒண்ணுமே வரல. முன்னாடி யாரும் எழுதாத தலைப்புன்னா கமிட்டியில பாஸ் ஆகாது, சைபர் லா மாதிரி ஏதாவது எடுத்துக்கோங்கறாங்க. நீங்க தேடுபொறி வேலைதானே பாக்கறீங்க, கொஞ்சம் பாருங்க" என்று எழுதியிருந்தாள்.

'முடிவுகள்: 0' என்று ஒரு இயந்திரம் சொன்னால் அதை 'அப்படி ஒரு விஷயமே இல்லை' என்று படிக்கும் பழக்கம் எப்போது வந்ததோ தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவளுக்கு விளக்கப்போக, பதில் நீண்டு பாதி சரித்திரமாகிவிட்டது. அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூலக்கதை. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்று பெயர்களைப் பார்த்துவிட்டு, மேற்கோள் தளங்கள் விஞ்ஞானிகள் தங்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்று நினைக்கிறோம். இல்லை. இது வக்கீல் ஆபீஸில் பிறந்த சரக்கு. 1873இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் ஒரு வியாபாரம் ஆரம்பித்தார். பசை தடவிய துண்டுக் காகிதங்களில், இந்தத் தீர்ப்பைப் பிற்பாடு இன்னின்ன தீர்ப்புகள் எடுத்தாண்டிருக்கின்றன என்று அச்சடித்து விற்றார். வக்கீல்கள் தங்கள் தீர்ப்புத் தொகுதியில் அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் அதை ஒட்டிக்கொள்வார்கள். முன்தீர்ப்பை வைத்து வாதாடும் முறையில், கையிலிருக்கும் தீர்ப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று தெரியாமல் கோர்ட்டில் எழுந்து நிற்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் சாவகாசமாக எழுந்து, "அது போன வருடமே செல்லாது என்று ஆகிவிட்டது" என்றால் அத்தோடு கதை முடிந்தது. ஒட்டுத்தாள் பிறகு தடித்தடிப் புத்தகங்களாக வளர்ந்து, அமெரிக்க வக்கீல்கள் பேச்சில் 'ஷெப்பர்டைஸ் பண்ணினாயா?' என்று ஒரு வினைச்சொல்லே உண்டாகிவிட்டது.

1953இல் அந்தக் கம்பெனியின் முன்னாள் துணைத்தலைவர் வில்லியம் அடேர், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவக் கட்டுரைகளுக்கு இயந்திரத்தால் அட்டவணை போடும் திட்டம் நடப்பதைக் கேள்விப்பட்டு ஒரு கடிதம் போட்டார். சட்டத்தில் நாங்கள் செய்வதை நீங்கள் ஏன் மருத்துவத்தில் செய்துபார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். அங்கே வேலையிலிருந்த யூஜீன் கார்ஃபீல்ட் என்ற இளைஞர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1955இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை, 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் கம்பெனி, 1964இல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ், 1973இல் சமூக அறிவியலுக்கு ஒன்று, 1978இல் கலை, மானுடவியல் துறைகளுக்கு ஒன்று. பின்னாளில் கூகிளை ஆரம்பித்த இருவரும் 1998இல் எழுதிய கட்டுரைக்கும் மேற்கோள்களை எண்ணும் இந்த வழக்கம்தான் முன்மாதிரி. 2004இல் ஸ்கோபஸும் கூகிள் ஸ்காலரும் சில வார இடைவெளியில் வெளிவந்தன. கார்ஃபீல்டின் கம்பெனி இருந்த கட்டடம் மார்க்கெட் தெருவில் இன்னும் நிற்கிறது. முகப்பு முழுக்க வண்ணக் கட்டங்கள், ஏதோ பழைய கணினி அட்டை மாதிரி. இப்போது ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், ஒரு ரிட்டயர்டு மனிதர் போட்ட தபால் எங்கே வந்து நின்றிருக்கிறது பார் என்று நினைத்துக்கொள்வேன்.

சட்டத்திலிருந்து அறிவியலுக்குப் போன வழியில் ஒன்று தொலைந்துபோயிற்று. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வக்கீலின் அட்டவணையில் மேற்கோளுக்கு ஒரு குணம் உண்டு. பின்பற்றப்பட்டது, வேறுபடுத்தப்பட்டது, ஐயுறப்பட்டது, ரத்தானது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து போட்டிருப்பார்கள். நூறு தீர்ப்பு பின்பற்றியிருந்தாலும், மேல்கோர்ட் ஒரே ஒரு முறை ரத்து செய்துவிட்டால் அது செத்த தீர்ப்பு. எண்ணிக்கைக்கு அங்கே மதிப்பில்லை. கார்ஃபீல்டின் அட்டவணையில் அந்த எழுத்து போய் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. திட்டி எழுதினாலும் ஒன்று, புகழ்ந்து எழுதினாலும் ஒன்று. விஞ்ஞானிக்கு அது போதும் என்று வைத்துக்கொள்ளலாம். சட்டமும் சரித்திரமும் சேர்ந்த கேள்வியை எடுத்துக்கொண்டவருக்குப் போதாது.

(மேற்கோளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் உரையாசிரியர் எடுத்தாண்ட நூல்களின் பட்டியலைத் தேடிச் சேர்த்துக் கொடுத்தவர். அடியார்க்குநல்லார் போன்றவர்கள் மேற்கோள் காட்டியிராவிட்டால் அப்படி ஒரு நூல் இருந்ததே நமக்குத் தெரிந்திராது என்று சொல்லும்படியான நூல்கள் எத்தனையோ. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகமே எழுதினார். ஸ்கோபஸ்காரர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். :-))

நிற்க. நம் ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் தீர்ப்புகளை அதிகாரபூர்வமாக அச்சிட 1875இல் ஒரு சட்டம் வந்து, மறு வருடம் முதல் மெட்ராஸ் உள்ளிட்ட ஹைகோர்ட்டுகளுக்குத் தனித்தனி வரிசைகள் வெளிவந்தன. 1891இல் சென்னை வக்கீல்கள் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல், பிறகு நாகபுரியின் ஏஐஆர், சுதந்திரத்துக்குப் பிறகு லக்னோவின் எஸ்சிசி என்று தனியார் வரிசைகள் பெருகின. விளைவு என்ன? ஒரே தீர்ப்புக்கு நாலு விலாசம். அக்கா மகளின் தலைப்புக்கு மையமான 1996ஆம் வருட சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை ஒருவர் ஏஐஆர் 1996 எஸ்சி 1765 என்பார். இன்னொருவர் (1996) 9 எஸ்சிசி 548 என்பார். தெரியாதவர் இரண்டு வழக்கு என்று நினைத்துவிடுவார். 2023இல்தான் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்புகளுக்குப் பதிப்பாளர் சார்பில்லாத பொது எண் கொடுக்க ஆரம்பித்தது.

அதற்கும் முன்னால், 2008 ஜனவரியில், மிச்சிகனில் கணினியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுஷாந்த் சின்ஹா 'இந்தியன் கானூன்' தளத்தை ஆரம்பித்தார். இலவசம். எந்தத் தீர்ப்பைத் திறந்தாலும் இது எடுத்தாண்டவை, இதை எடுத்தாண்டவை என்று இரண்டு பட்டியல் வரும். ஷெப்பர்ட் துண்டுக் காகிதத்தில் விற்றதை ஊருக்கே இனாமாகக் கொடுத்த மாதிரி. சுப்ரீம் கோர்ட்டும் அதற்குச் சில வாரம் முன்புதான், 2007 டிசம்பரில், ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் ஒரு தெளிவு கொடுத்திருந்தது. தீர்ப்பின் மூலவாசகம் பொதுச்சொத்து. பதிப்பாசிரியர் தன் உழைப்பாலும் திறமையாலும் சேர்த்தவற்றுக்குத்தான் காப்புரிமை. நம் மாதிரி கடல்கடந்து வந்து கணினி தட்டுகிறவர்களில் ஒருவர் ஊருக்குச் செய்த உருப்படியான காரியங்களில் இது ஒன்று என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

ஆனால் இந்தப் பட்டியல்கள் தீர்ப்பிலிருந்து தீர்ப்புக்குப் போகிறவை. தீர்ப்பிலிருந்து சரித்திரக் கட்டுரைக்குப் போகும் பாலம் அங்கே இல்லை. கூகிள் ஸ்காலர் 2009இல் கோர்ட் தீர்ப்புகளைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் அமெரிக்கத் தீர்ப்புகளை மட்டும். ஸ்கோபஸில் பத்திரிகைக் கட்டுரை உண்டு, தீர்ப்பு கிடையாது. ஆக, திருமலையைப் பற்றி வக்கீல்களும் நீதிபதிகளும் ஒரு அறையில் இருநூறு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சரித்திரக்காரர்களும் மானுடவியல்காரர்களும் அடுத்த அறையில் அறுபது எழுபது வருடமாகப் பேசுகிறார்கள். நடுவில் சுவர்.

வக்கீல்கள் அறைக்குள்ளேயே தடுக்கி விழ ஏகப்பட்ட இடம் உண்டு. திருமலைக் கோயில் வட ஆற்காட்டோடு 1801இல் கம்பெனி கைக்கு வந்தது. அந்த ஜில்லாவின் தலைநகரம் அப்போது சித்தூர். கலெக்டர் ஸ்டிராட்டன் 1803இல் கோயில் வரவுசெலவு, வழக்கம் எல்லாவற்றையும் பற்றி அறிக்கை அனுப்பினார். 1821இல் புரூஸ் என்ற அதிகாரி 42 விதிகளாக ஒரு நிர்வாகத் தொகுப்பு எழுதினார், இன்றும் அதற்கு 'புரூஸ் கோடு' என்றே பெயர். 1843இல் கம்பெனி, கோயில் விவகாரம் நமக்கெதற்கு என்று கைகழுவி, ஹாதிராம்ஜி மடத்து மகந்திடம் ஒப்படைத்தது. மகந்துக்கு 'விசாரணைகர்த்தா' என்று பட்டம். அதற்குப் பிறகு அவர்கள்மேல் வழக்குமேல் வழக்கு. சித்தூரிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பிரயாகதாஸ் மகந்தாக இருந்தபோது 1907இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பே இருக்கிறது. 1933இல் மெட்ராஸ் சட்டமன்றத்தின் தனிச்சட்டத்தால் மகந்து நிர்வாகம் முடிந்து கமிட்டி வந்தது.

இந்தக் காலத்தில் ஊரின் பெயரையே எப்படியெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். திருப்பதி, திருப்பதை, திரிபதி, திரிபெட்டி. மகந்தின் பெயர் தாஸ் என்றும் டாஸ் என்றும் 'டாஸ் ஜீ வாரு' என்றும் வரும். இன்றைய எழுத்துக்கூட்டலைப் போட்டுத் தேடினால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க மறைந்துபோகும். தேடுபொறி நாம் கேட்டதைத் தேடுமே தவிர, நினைத்ததைத் தேடாது.

அப்புறம் எல்லைப் பிரச்சினை. சித்தூர் ஜில்லா 1911இல் உருவானது. 1953இல் ஆந்திரா பிரிந்தபோது அதோடு போனது. ஆந்திர ஹைகோர்ட் 1954 ஜூலையில் குண்டூரில் தொடங்கி, 1956இல் ஹைதராபாத் போய், 2019இல் அமராவதிக்கு வந்தது. எங்களுக்குப் பக்கத்துத் திருத்தணி 1960இல் எதிர்த்திசையில் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி ஜில்லாவாகிவிட்டது. மெட்ராஸ் வரிசையை மட்டும் பார்க்கிறவருக்கு 1954க்குப் பிறகு திருப்பதி காணாமல் போகும். ஆந்திர வரிசையை மட்டும் பார்க்கிறவருக்கு அதற்கு முன்னால் திருப்பதி என்று ஒரு ஊரே இராது. ஆனால் சட்டத்தில் அந்தக் கோடு கிடையாது. பிரிவினைக்கு முந்தைய மெட்ராஸ் தீர்ப்புகள் தன்னைக் கட்டுப்படுத்தும் என்று 1955இலேயே ஆந்திர ஹைகோர்ட்டின் முழு அமர்வு சொல்லிவிட்டது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த எங்களுக்கு இந்த மாதிரி இரட்டைக் குடியுரிமை பழகின விஷயம்தான்.

சரி, அடுத்த அறைக்குப் போவோம். அங்கே முதல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பர்ட்டன் ஸ்டைன். சிகாகோவில் 1958இல் திருப்பதிக் கோயிலின் பொருளாதாரம் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவர். 1960 பிப்ரவரியில் ஆசியவியல் சஞ்சிகை ஒன்றில் அதைக் கட்டுரையாக்கினார். பக்தர்கள் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியைக் கோயில் தன் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டுவதில் போட்டது, அதில் கூடிய விளைச்சலிலிருந்து அவர்கள் பெயரில் நைவேத்தியம் நடந்தது என்று விஜயநகரக் காலக் கல்வெட்டுகளிலிருந்து கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைக்கும் தென்னிந்தியக் கோயில் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தொடாமல் போகமாட்டார்கள். அக்கா மகளுக்கு ஏன் இது வரவில்லை? காரணம் அற்பமானது. கட்டுரையின் தலைப்பில் 'ஒரு இடைக்காலத் தென்னிந்தியக் கோயில்' என்றுதான் இருக்கிறது. திருப்பதி என்ற சொல் இல்லை! ஸ்கோபஸ் வழக்கமாகத் தேடுவது தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் மூன்றில்தான். அந்தக் காலத்துக் கட்டுரைகளுக்குப் பின்னது இரண்டும் பெரும்பாலும் கிடையாது.

இங்கேதான் மேற்கோள் தளத்தின் உண்மையான உபயோகம். சொல்லைப் போட்டுத் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு கட்டுரையைப் பிடித்து அதை யார் எடுத்தாண்டார்கள் என்று முன்னோக்கி நடக்க வேண்டும். கூகிள் ஸ்காலரில் ஸ்டைனின் கட்டுரையிலிருந்து நடந்தால், அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976இல் தென்னிந்தியக் கோயிலில் அதிகாரம், மரியாதை, பங்கீடு பற்றி எழுதிய கட்டுரை வரும். கோயில் பிரசாதப் பங்கு என்பது வெறும் சாப்பாடில்லை, யாருக்கு என்ன அந்தஸ்து என்பதற்கான அத்தாட்சி என்பது அவர்கள் வாதம். அடுத்த வருடம் அப்பாதுரை அரசர்கள், சம்பிரதாயங்கள், கோயில்கள் என்று எழுதினார். அதில் சாளுவ நரசிம்மன் காலத்துத் திருப்பதியும் கந்தாடை ராமானுஜ ஐயங்காரும் வருகிறார்கள். அங்கிருந்து ஒரு எட்டு வைத்தால் அவருடைய 1981ஆம் வருடப் புத்தகம். அது திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் பற்றியது. அதில் பாதிக்கு மேல் கோர்ட்! கோயில் சண்டைகளை பிரிட்டிஷ் கோர்ட்டுகள் தீர்க்கப்போய், தீர்ப்புகளே புதுச் சண்டைகளுக்கு எரிபொருளான கதை. அதை எடுத்தாண்டவர்களைப் பார்த்தால் அறநிலையத்துறை பற்றி ஃபிராங்க்ளின் பிரெஸ்லர் 1987இல் எழுதிய புத்தகம். இப்படி நாலே தாவலில், ஏரி வெட்டிய கணக்கிலிருந்து ஹைகோர்ட் வாசலுக்கு வந்துவிட்டோம். சுவரில் ஓட்டை இருப்பது இந்த மாதிரி ஒன்றிரண்டு புத்தகங்களில்தான். பாலப் புத்தகங்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அவற்றின் அடிக்குறிப்பில் வழக்கு எண்கள் இருக்கும். அந்த எண்களை எடுத்துக்கொண்டு இந்தியன் கானூனுக்கோ பழைய தொகுதிகளுக்கோ போக வேண்டும். இந்த ஒரு தாவலை எந்த இயந்திரமும் நமக்காகச் செய்யாது. கையால்தான்.

அடிக்குறிப்பு என்றதும் ஒன்று. சட்டக்காரர்களும் சரித்திரக்காரர்களும் 'மேற்படி', 'முன்குறிப்பிட்டது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நம் பழைய பத்திரங்களில் ௸ போட்டிருப்பார்களே, அதேதான். எந்த மேற்படி என்று மனிதனுக்கே சில சமயம் புரியாது. இயந்திரம் பாவம் என்ன செய்யும்? இந்தத் துறைகளில் மேற்கோள் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்கா மகள் இரண்டு வாரத்தில் நாற்பது சொச்சம் குறிப்புகள் சேர்த்துவிட்டாள். ஆனால் அவள் தொலைபேசியில் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "மாமா, 1954 தீர்ப்புல சொத்துன்னு பேசறாங்க. 1996ல சொத்துப் பேச்சையே காணோம், எல்லாம் மதம், சம்பிரதாயம்னு இருக்கு. நடுவுல வரலாறா மாறிச்சு?"

நல்ல கேள்வி. 1954இல் சிரூர் மடம் வழக்கில் சுப்ரீம் கோர்ட், மடாதிபதியின் பதவியில் சொத்துரிமையின் அம்சமும் உண்டு, அதற்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. மதத்துக்கு இன்றியமையாதது எது என்ற புகழ்பெற்ற கேள்வியும் அதே தீர்ப்பிலிருந்துதான் வேர்விட்டது. 1972இல் சேஷம்மாள் வழக்கில், தமிழ்நாடு அர்ச்சகர் பதவியில் வாரிசு முறையை நீக்கியது செல்லும் என்று தீர்ப்பு. அதன்பின் 1978இல் 44ஆம் திருத்தம் வந்து சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்தே எடுத்துவிட்டது. ஒரு வாசல் சாத்தப்பட்டது. நீதிபதி சல்லா கொண்டய்யா கமிஷனின் அறிக்கையையொட்டி என்.டி. ராமராவ் ஆட்சியில் 1987 சட்டம் வந்தபோது, திருமலை மிராசிக்காரர்கள் தட்டுவதற்கு மிச்சமிருந்த பெரிய வாசல் 25, 26ஆம் ஷரத்துகள், அதாவது மதச் சுதந்திரம். நாராயண தீட்சிதுலு வழக்கில் 1996 மார்ச்சில் கோர்ட், பூஜை செய்வது மதம், பூஜை செய்பவரை நியமிப்பது உலகியல் காரியம், ஆகவே பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது. 2007இல் ஆந்திர சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்து அர்ச்சகக் குடும்பங்களுக்குச் சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தது.

ஆக, 1996 தீர்ப்பில் பங்கு என்பது மத வழக்கமாகவும் ஊழியத்தின் கூலியாகவும் பேசப்படுவதற்குக் காரணம் பழைய வரலாறு அல்ல, 1978. சட்டத் தளத்தை மட்டும் பார்க்கிறவருக்கு, பங்கு எக்காலத்திலும் மத விஷயமாகவே இருந்ததாகத் தோன்றும். சரித்திரத் தளத்தை மட்டும் பார்க்கிறவருக்கு, கோர்ட் ஏன் இப்படிப் பேசுகிறது என்று புரியாது. இரண்டையும் வருடவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது. அவள் ஆய்வின் கனம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சைபர் லாவை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். :-)

அப்படியானால் பங்கு ஆதியில் என்னதான்? அதற்குச் சான்று இரண்டு அறைகளுக்கும் வெளியே, கல்லில் இருக்கிறது. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். பெரும்பாலானவை தமிழ். 1920களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி படியெடுக்க ஆரம்பித்து, 1930களில் தேவஸ்தானமே ஆறு தொகுதிகளாக அச்சிட்டது. ஸ்டைன் உட்கார்ந்து கணக்குப் போட்டது இவற்றை வைத்துத்தான். அவர் கட்டுரைக்கு மேற்கோள் ஏராளம், தொகுதிகளுக்கு இந்தத் தளங்களில் தனி இடமே இல்லை. பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, தாத்தாவுக்கு இல்லை. கார்ஃபீல்ட் ஆரம்பத்திலேயே, எல்லாப் பத்திரிகையையும் எடுக்க முடியாது, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சிலவற்றை எடுத்தால் போதும் என்று முடிவு செய்தவர். வியாபாரத்துக்கு அது சரி. கோயில் அச்சகத்தில் தமிழ், கிரந்த எழுத்தில் வந்த தொகுதிக்கு அந்தச் சல்லடையில் இடம் எங்கே? நம் பல்கலைக்கழக மானியக் குழு 2019 முதல் வைத்திருந்த பத்திரிகைப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஆனாலும் ஸ்கோபஸில் இல்லையென்றால் இல்லை என்னும் மனசு மட்டும் பட்டியலோடு போகவில்லை.

கல்வெட்டுகளின் பாணி ஏறக்குறைய ஒன்றுதான். இன்ன வருடம், இன்னார், இத்தனை நற்பணம் திருவிடையாட்ட ஊரில் ஏரி கால்வாய்க்காக ஸ்தானத்தாரிடம் கொடுத்தார். அதன் விளைச்சலில் இன்ன நாளில் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி, தோசைப்படி நடக்க வேண்டும். (லட்டு பிற்காலத்து வரவு.) பிரசாதத்தில் நாலில் ஒன்று கொடுத்தவருக்கு. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். அதை அவர் தன் சந்ததிக்கு வைத்துக்கொள்ளலாம், மடத்துக்கோ ராமானுஜகூடத்துக்கோ எழுதிவைக்கலாம். மீதி முக்கால் பங்கு யார் யாருக்கு என்பதும் ஏற்பாட்டில் அடக்கம். எல்லாம் சந்திராதித்தவரை. கடைசியில் கோயில் கணக்கு திருநின்றவூருடையானின் பெயர்.

வக்கீல் கண்ணோடு படித்தால் இது எனக்கு ஒப்பந்தம் மாதிரிதான் தெரிகிறது. இரண்டு தரப்பு, தொகை, முதலீடு, வருமானம், பங்கீடு, காலவரை, எழுதியவர் பெயர். விட்டவன் விழுக்காடும் மிராசிப் பங்கும் ஒன்றல்ல. முன்னது கொடுத்தவருடையது, பின்னது ஊழியம் செய்தவருடையது. 1987 சட்டம் ஒழித்தது பின்னதை. ஆனால் இரண்டும் ஒரே தளிகையிலிருந்து, ஒரே மாதிரி ஏற்பாட்டால் பிரிந்து போனவை. முக்கால் பங்கின் பங்கீடு காலப்போக்கில் எப்படி மிராசியாக இறுகியது என்பதற்கு நடுவிலுள்ள கண்ணி, ஸ்டிராட்டன் அறிக்கையிலும், 1819ஐ ஒட்டிக் கம்பெனி கேட்ட கேள்விகளும் கோயில்காரர்கள் சொன்ன பதில்களுமான 'சவால்-ஜவாப்' பட்டியிலும் தேட வேண்டியது.

தொகுதிகளைத் தேவஸ்தானம் மறுபதிப்பும் செய்திருக்கிறது, அவர்களுடைய மின்நூல் பக்கத்திலும் கிடைக்கின்றன. ஸ்டைன் கட்டுரையை ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு வைத்தே படிக்கலாம். காக்ஸ் 1881இல் எழுதிய வட ஆற்காடு மானுவல் ஆர்க்கைவ் தளத்தில் இருக்கிறது. தேடும்போது ஒரு சின்ன யுக்தி. தொகுதிகளில் கல்வெட்டு மூலத்தின் கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. வருடிய பக்கங்களில் தமிழ் எழுத்தை இயந்திரம் தாறுமாறாகப் படித்து வைத்திருக்கும், கிரந்தத்தைக் கேட்கவே வேண்டாம். அதனால் கொடுத்தவர் பங்கு, கால் பங்கு என்பதற்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடி, கல்வெட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு தமிழ் மூலத்துக்குப் போவது நல்லது. சாளுவ நரசிம்மன் காலத்துக்கான இரண்டாம் தொகுதியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.